பதினோரு இடங்களில் தெளிவில்லை

சாட்ஸ்வர்த்தில் பிப்ரவரி.
சுவருக்கும் வியர்க்கிறது.
நீதிமன்ற ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது என் பிழைப்பு,
பக்கத்துக்கு இத்தனை ராண்ட் என்று.
இரைச்சலைச் சலித்தெடுக்கும் மென்பொருளை ஓட்டினால்
கணினி கொதிக்கிறது.
கொதிப்பை ஆற்ற வரும் விசிறிகள்
சலித்த இரைச்சலை என் காதிலேயே கொட்டுகின்றன.

டோரீன் ம்கிசே, வயது அறுபத்தொன்று.
தையல் ஆலையில் இருபத்தெட்டு வருடம்.
ஓய்வூதிய வழக்கு.
சுலுவில் பேசுகிறார், பாதி உதட்டுக்குள்ளேயே.
பதினோரு இடங்களில்
‘தெளிவில்லை’ என்று தட்டிவைத்தேன்.

ஃபீனிக்ஸில், கார் நிறுத்தும் கொட்டகையில்
பிரகாசன் கடை வைத்திருக்கிறான்.
முதல் தடவை அட்டைப்பெட்டியின் எண்களை நம்பி வாங்கினேன்:
நிமிடத்துக்கு எத்தனை கன அடி, எத்தனை டெசிபல்.
ரேடியேட்டரில் பூட்டியதும்
கத்தல் கூடியது, சூடு குறையவில்லை.
“அது வெட்டவெளியில் அளந்த கணக்கு, அக்கா”
என்றான் போனில்.
“வெட்டவெளியில் எல்லாரும் சூரர்தான்.”

மறுநாள் அவன் மேசையில்
ரேடியேட்டரை நிறுத்தி ஊதுபத்தி கொளுத்தினோம்.
மெல்லிய இறக்கைகள், நடுவில் தாராள இடைவெளி:
புகை தகடுகளில் முட்டியது,
தயங்கியது,
வந்த வழியே திரும்பி என் கண்ணில் ஏறியது.
அடுத்தது ஈரச் சாம்பல் நிறம், அழகில்லை.
அகன்ற ஏழு இறக்கைகள்
உரசாத குறையாக நெருங்கி நின்றன.
அது அவசரப்படவே இல்லை.
மறுபக்கம் புகை வந்தது,
இழை இழையாக,
சீப்பில் வாரியது போல.

“ஒன்று ஐந்நூற்று நாற்பதா?” என்றார் லோகன்.
“காற்றுக்கா?”
மூன்று வாங்கினேன்.
மூன்றாவது டிக் டிக் என்றது,
காதோரம் வைத்தால்தான் கேட்கும்.
வைத்தேன். மாற்றித் தந்தான், முகத்தைத் தூக்கிக்கொண்டு.
திருகாணிக்குப் பதில் ரப்பர் முளைகள்.
பிறகு வேகம்.
ஆயிரத்து நானூறு சுற்றில் வண்டு.
ஆயிரத்து நூறில் ஒரு மெல்லிய முனகல்,
சரியாக மனுஷக் குரல் உட்காரும் இடத்தில்.
அது வண்டைவிட மோசம்.
எண்ணூற்றைம்பதில் நிறுத்தினேன்.
தண்ணீர் நாலு டிகிரி ஏறிற்று.
ஏறட்டும்.

இரவு இரண்டு மணி.
குளிர்பெட்டியின் இருமல் கேட்டது, நெடுஞ்சாலையில்
ஏதோ டாக்சியின் கடைசி கியர்.
காதுக்கருவியை மாட்டினால்
இன்னும் ஒரு முணுமுணுப்பு.
விசிறிகளை அணைத்தேன். போகவில்லை.
தரையில் படுத்து, மேசைக்கடியில் தேடி,
அப்புறம்தான் உறைத்தது:
அது என் வீட்டில் இல்லை.
நீதிமன்றத்தின் கூரையில் சுற்றுகிறது,
டோரீன் அதற்கு நேர்கீழே நிற்கிறார்,
இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையில்.

தெரிந்த சத்தத்தைத் தள்ளிவைக்கலாம்.
தள்ளிவைத்தேன்.
நாலு இடங்கள் திறந்தன.
கையெழுத்து என்னுடையதுதான்.
படித்துக் காட்டவில்லை.
இல்லை.
இன்னொரு இல்லை, முதலாவதைவிடச் சின்னது.

ஆறு இடங்கள் இன்னும் தெளிவில்லை,
அப்படியே விட்டேன்.
ஒன்று பாக்கி.
அதைப் பத்தொன்பது தடவை ஓட்டினேன்.
நாற்காலி கிரீச்சிடுகிறது.
மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமி, காத்திருக்கிறார்.
வக்கீல் ஒரு தாளைப் புரட்டுகிறார்.
அங்கே அவர் எதுவும் சொல்லவில்லை.
‘தெளிவில்லை’யை அழித்துவிட்டு
‘மௌனம், பதினாலு விநாடி’ என்று தட்டினேன்.

ஐந்து மணிக்கு
கூரைமேல் ஹடீடா பறவை வந்து அலறிற்று,
என் ஆயிரத்து அறுநூற்றிருபது ராண்டை
ஒரு பொருட்டாகவே மதிக்காமல்.